கரும்பலகைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வேளச்சேரி,
பொங்கல், 2025

எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் குடியிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டிக்குப் பின்னால் உள்ள மதிற்சுவரில் சாய்த்து வைத்த ஒரு பழைய கரும்பலகை, ஓராண்டுக்கும் மேலாக இந்த வட்டாரத்தின் செய்திப் பலகையாக இருந்து வருகிறது. அதில் எழுதுகிறவள் நான் என்பதால், வழியில் பார்ப்பவர்கள் எல்லோரும் என்னிடமே நன்றி சொல்கிறார்கள். அந்த நன்றியில் பெரும்பங்கு வேறு பலருக்குச் சேர வேண்டியது. அதை உரியவர்களிடம் சேர்ப்பிக்கவே இந்த மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் இதில் குறிப்பிடவில்லை. படிக்கும்போது இன்னார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த நாட்களை நினைவுபடுத்திக்கொள்வோம். டிசம்பர் 3-ம் தேதி இரவு வலுத்த மழை 4-ம் தேதி முழுவதும் பெய்தது. பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். மாலைக்குள் கைப்பேசிகளில் சிக்னலும் போய்விட்டது. புயல் வடக்கே நகர்ந்து 5-ம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தபோது இங்கே மழை விட்டிருந்தது, ஆனால் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் அப்படியே நின்றது. முப்பது ஆண்டுகள் தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றியவள் என்பதால், இணைப்பு அறுந்த மறுநிமிடமே மனிதர்களின் குரல் எப்படி மாறும் என்பதை நான் அறிவேன். அன்று காலை மாடிகளிலிருந்து ஒருவரையொருவர் கூவி அழைத்துக் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒன்றுதான்: படகு எங்கே வருகிறது, பால் எங்கே கிடைக்கிறது, கரன்ட் எப்போது வரும், ஏரி உடைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

முதல் நன்றி, மாடியில் டியூஷன் நடத்தும் ஆசிரியைக்கும் அவருடைய மகனுக்கும் உரியது. கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்த என்னைப் பார்த்து, "இதில் எழுதி வைத்துவிடுங்கள் அம்மா" என்று தன் வகுப்புக் கரும்பலகையைத் தூக்கிக் கொடுத்தவர் அவர்தான். அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து, சற்று மேடான தெருமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன். அங்கே தன் வண்டியை நகர்த்தி இடம் கொடுத்ததோடு, தூறல் விழுந்தபோதெல்லாம் தன் தார்ப்பாயைப் பலகைக்குப் போர்த்திவிட்டு, இஸ்திரிக்கு வந்த துணிமூட்டையை மட்டும் தோளில் சுமந்துகொண்டு நனைந்தபடி நின்றார் இஸ்திரி போடும் அண்ணன். அந்த மூட்டையிலிருந்த ஒரு துணிகூடக் காணாமல் போகவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

படகுகளோடு வந்த மீனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடலில் செலுத்துகிற படகைக் காம்பவுண்டுச் சுவர்களுக்கும் மூழ்கிக் கிடந்த கார்களுக்கும் இடையே, எங்கே கம்பி இருக்கிறது, எங்கே சாக்கடை மூடி திறந்திருக்கிறது என்று தெரியாத தெருக்களில் செலுத்தினார்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரையும் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரையும் எங்கள் தெருவிலிருந்து மட்டும் அவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களுடைய வீடுகளிலும் அதே மழை பெய்திருக்கும் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பலகைக்குச் செய்தி கொண்டுவந்தவர்களில் முதலிடம் மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்களுக்குத்தான். எந்தத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த முனையில் மோட்டார் பம்பு ஓடுகிறது, எங்கே மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்பதெல்லாம் விடிவதற்குள் எல்லாத் தெருக்களையும் நடந்து பார்த்துவிடுகிற அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. எங்கள் பகுதிக்கு வழக்கமாக வரும் அம்மாக்கள் மூவர், தங்கள் வீட்டுப் பாத்திரம் பண்டமெல்லாம் நீரில் போயிருந்த நிலையிலும் 6-ம் தேதி காலை வேலைக்கு வந்து, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பலகை முன்னால் நின்று தெருத்தெருவாகச் சொல்ல, நான் எழுதினேன். பிற மாநகராட்சிகளிலிருந்தும் நகராட்சிகளிலிருந்தும் பணியாளர்கள் வந்தபோது, அவர்களுக்கு எங்கள் தெருக்களில் வழிகாட்டியவர்களும் இவர்களே. எந்த ஊர்க்காரர்கள் என்றுகூட நாங்கள் கேட்டுவைக்காத அந்த வெளியூர்ப் பணியாளர்கள், சேறும் ஊறிப்போன மெத்தைகளும் அழுகிய அரிசியும் கலந்து கிடந்த குவியல்களை நாள்கணக்கில் வாரி அகற்றிவிட்டுப் போனார்கள். இந்த மடல் அவர்கள் கண்ணில் எப்படியாவது பட வேண்டும் என்பது என் ஆசை.

இனி, ஒரு தவறையும் அதைத் திருத்தியவரையும் பற்றிச் சொல்ல வேண்டும். 7-ம் தேதி மருத்துவ முகாம் நடக்கும் இடத்தை, யாரோ சொன்னதைக் கேட்டு விசாரிக்காமல் தவறாக எழுதிவிட்டேன். அதை நம்பி, காலில் புண்ணோடு ஒரு மூதாட்டி சேற்றுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். அவருடைய மருமகள் என்னிடம் வந்து, கோபமே இல்லாமல், "எழுதியிருந்ததால்தான் நம்பினோம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்துதான், எந்தச் செய்தியானாலும் அதைச் சொன்னவர் யார், எத்தனை மணிக்குச் சொன்னார், மேலும் விவரம் யாரிடம் கேட்கலாம் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுவது என்ற வழக்கம் பலகைக்கு வந்தது. ஏரி உடைந்தது என்ற வதந்தி இரண்டாம் முறை கிளம்பியபோது, இரண்டு இளைஞர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேளச்சேரி ஏரிக்கரைக்கே போய்ப் பார்த்துவந்து சொல்ல, "ஏரி உடையவில்லை, நேரில் பார்த்தது மாலை 4 மணி" என்று எழுதினோம். மூட்டை கட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்ற ஏழெட்டுக் குடும்பங்கள் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குள் போயின. அந்த மருமகளுக்கும் அந்த இளைஞர்களுக்கும் என் வணக்கம்.

தண்ணீர் வடிந்தபின் வந்த ஒரு மாலையை நான் மறக்கமாட்டேன். "மழை நின்ற பிறகும் ஏன் சார் தண்ணீர் போகவில்லை?" என்று பிள்ளைகள் கேட்க, வடிகால் பணியைப் பார்வையிட வந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் என்னிடமிருந்து சாக்பீஸை வாங்கிப் பலகையிலேயே படம் போட்டுக் காட்டினார். நம் பகுதித் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, அதன்பின் பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். புயலால் கடல் கொந்தளித்து நிற்கும்போது முகத்துவாரம் நீரை உள்வாங்காது, பின்னால் உள்ளவை எல்லாம் தேங்கும் என்றார். 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலத்தை, ஒரு காலத்தில் எவ்வளவு பரந்திருந்தது, இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று இரண்டு வட்டங்களாக வரைந்தபோது பெரியவர்கள் பலர் தலைகுனிந்து நின்றோம். வேளச்சேரியில் வீடு கட்டிக் குடியேறிய எங்களுக்கு, எங்கள் வாசல் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்பதை முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தப் படத்தை அழிக்க மனம் வராமல் ஒரு வாரம் வைத்திருந்தோம்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும், சாக்பீஸ் டப்பாக்களுக்கு இன்றுவரை காசு வாங்காத ஸ்டேஷனரிக் கடைக்காரருக்கும், படிக்கத் தெரியாதவர்களுக்கு நின்று படித்துக்காட்டிய கல்லூரி மாணவிகளுக்கும், கட்டட வேலைக்காக வந்து தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்காகப் பலகையின் ஓரத்தில் இந்தியில் எழுதிக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. 6,000 ரூபாய் நிவாரணத் தொகை வழங்குவதை டிசம்பர் 17-ம் தேதி முதலமைச்சர் வேளச்சேரியிலேயே தொடங்கிவைத்த பிறகு, எந்தத் தெருவுக்கு எந்த நாள் டோக்கன் என்பதை ரேஷன் கடை ஊழியர்கள் முன்தினமே வந்து சொன்னார்கள். அதனால் முதியவர்கள் வரிசையில் வீணாகக் காத்துக் கிடக்க நேரவில்லை.

வெள்ளம் வடிந்ததும் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். "இனி யார் அம்மா எங்களுக்கு இதையெல்லாம் சொல்வார்கள்?" என்று கேட்டு அதை அங்கேயே நிறுத்தியவர்கள் நீங்கள். 2024 மார்ச் 3-ம் தேதி போலியோ சொட்டு மருந்து முகாம், ஏப்ரல் 19-ம் தேதி வாக்குப்பதிவு, குடிநீர் லாரி வரும் நேரம், வடிகால் தோண்டுவதற்காக மூடப்படும் தெரு, அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் சொத்து வரி கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை ஊக்கத்தொகை கிடைக்கும் என்ற விவரம் என எல்லாம் அதில் ஏறின. வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபை என்று ஒன்று இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. அது கூடும் நாளை எழுதிப் போட்டபின், தெருவிளக்கு எரியாததைப் பற்றி வீட்டுக்குள் புலம்பிக்கொண்டிருந்தவர்கள் நேரில் போய்ப் பேசினார்கள். நாங்கள் எழுதிய ஒவ்வொரு தேதியையும் சரிபார்த்துத் தந்த மாமன்ற உறுப்பினர் அலுவலகத்தாருக்கும், 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணில் புகாரை வாங்கிக்கொண்டு பொறுமையாகப் பதிவு எண் சொன்ன குரல்களுக்கும் நன்றி. அதுவும் இணைப்பகத்து வேலைதான். அதன் களைப்பு எனக்குத் தெரியும்.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் அறிவிக்கப்பட்டு, வெள்ளத்துக்கு அஞ்சி வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் நிறுத்தப்பட்ட கார்கள் வரிசைகட்டி நின்ற அந்த இரண்டு நாட்களில், பலகைக்கு என்னைத் தவிர நான்கு பேர் முறைவைத்து எழுதினார்கள். அஞ்சிய அளவுக்கு மழை வரவில்லை. ஆனால் யார் வீட்டில் யாருக்கு என்ன மருந்து வேண்டும், எந்த முதியவரை எந்த மாடிக்கு அழைத்துப் போவது என்ற பட்டியல் அதற்குள் தயாராகிவிட்டிருந்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவில் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக விசாரித்தவர்கள், முந்தைய ஆண்டு மாடியிலிருந்து கூவி உதவி கேட்டவர்கள்தாம். அவர்களுடைய கையெழுத்து பலகையில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்ததைக் காலையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியாக ஒரு செய்தி. ஓராண்டு வெயிலிலும் மழையிலும் நின்றதால் பலகையின் கறுப்பு உரிந்து எழுத்து சரியாகத் தெரிவதில்லை. பள்ளிகளுக்குப் பலகை பூசித் தரும் பெரியவர் ஒருவர் கூலி வேண்டாம் என்று சொல்லிப் பூசித்தர முன்வந்திருக்கிறார், அவருக்கும் நன்றி. காணும் பொங்கலுக்கு மறுநாள் முதல் மூன்று நாட்கள் பலகை இஸ்திரி வண்டி அருகே இருக்காது. அந்த நாட்களுக்கான செய்திகள் தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும். குடிநீர் லாரி வரும் நேரம் அதில் முதல் வரியில் இருக்கும்.

நன்றியுடன்,
பலகையில் எழுதுபவள்