கீழக்கரையில் இருக்கும் லாத்தாவுக்கு (அக்காவுக்கு), சிங்கப்பூரிலிருந்து

சிங்கப்பூர்
பிப்ரவரி 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அவரும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறோம். வாப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டதென்று உம்மா சொன்னார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, "அங்கே எல்லாப் பாடத்தையும் கணினியிலேயே நடத்துகிறார்களாமே, நீ என்னதான் கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டீர்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒரே அறையில் பல வகுப்புகளை வைத்துச் சமாளிக்கும் ஒருவர் கேட்ட கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படிக்கும் தேசியக் கல்விக் கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பட்டம் பெற்றவர்களை ஆசிரியராக்கும் படிப்பு. இடையிடையே பள்ளிக்கு அனுப்பி, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் பார்வையில் பாடம் நடத்த வைப்பார்கள். இந்த நாட்டில் பள்ளிக் கல்விக்கான தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம் 1997-லேயே தொடங்கிவிட்டது. 2018-ல் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக மாணவர் கற்றல் தளம் என்ற இணையத்தளம் வந்தது. 2021 முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் சொந்தமாக ஒரு கணினியோ கைக்கணினியோ இருந்தது. தொடக்கப்பள்ளியில் அப்படியில்லை. பள்ளிக்குச் சொந்தமான கருவிகளை வகுப்புகள் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. நான் பயிற்சி பெறுவது தொடக்கநிலை நான்காம் வகுப்பில் என்பதால், நம் ஊருக்கும் இந்த வகுப்பறைக்கும் உள்ள தூரம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990-களில் தமிழ் எழுத்தைக் கணினிக்கும் இணையத்துக்கும் கொண்டுவரப் பாடுபட்ட முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமி இதே கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர்; 1999-ல் காலமானார். கணினியில் தமிழ் அரிதாக இருந்த காலத்தில், ஒரு தமிழாசிரியர் அதைத் தாமே செய்யப் புறப்பட்டார் என்பது எனக்குப் பெரிய தெம்பைக் கொடுக்கிறது.

வகுப்பில் முதலில் படித்த கட்டுரைகளில் ஒன்று 2006-ல் மிஷ்ரா, கோலர் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் எழுதியது. பாடப்பொருளை அறிந்திருப்பது ஒன்று, அதைப் பிள்ளைக்குப் புரியவைக்கும் வழியை அறிந்திருப்பது இன்னொன்று என்று 1980-களில் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் சொன்னதோடு, கருவியைப் பற்றிய அறிவையும் சேர்த்து, இம்மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது என்பது அவர்கள் கருத்து. படித்தபோது இது எனக்கு வெறும் வரைபடமாகத்தான் இருந்தது. ஒரு சிறுமியால்தான் அதன் பொருள் பிடிபட்டது.

அவள் வீட்டில் தமிழ் பேச்சு மிகக் குறைவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்பவர்களில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு, ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காடு என்று சொன்னால் நிலைமை உங்களுக்குப் புரியும். வகுப்பில் அவளைக் கேள்வி கேட்டால் தலை கவிழ்ந்துகொள்வாள். அதற்குள் பக்கத்துப் பையன் பதிலைச் சொல்லி முடித்திருப்பான். இங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழிப் பகுதியில் 2017 முதல் ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றி உரையாடச் செய்கிறார்கள். அதற்குப் பழக்குவதற்காக, சந்தையைப் பற்றிய சிறு காணொளி ஒன்றைக் கைக்கணினியில் பார்த்துவிட்டு, தோன்றுவதைப் பேசிப் பதிவுசெய்யுங்கள் என்று சொன்னேன். அவள் கைக்கணினியை எடுத்துக்கொண்டு புத்தக அலமாரி ஓரம் போய், சுவரைப் பார்த்து நின்று, இடக்கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள். காதில் வைத்துக் கேட்டாள், அழித்தாள், மறுபடி பேசினாள். மணி அடிக்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

இரவு வீட்டில் கேட்டேன். "பாட்டிக்கு முறுக்கு வாங்கினோம். பாட்டிக்குப் பல்லு இல்ல. பால்ல ஊறவச்சுக் குடுத்தேன்." அவ்வளவுதான். ஆனால் காணொளியில் முறுக்கும் இல்லை, பாட்டியும் இல்லை. சந்தையைப் பார்த்து அவளாக நினைத்துப் பார்த்துச் சொன்னது. இத்தனை தமிழ் அவளிடம் இருக்கிறதென்று அந்தப் பதிவு இல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது இதற்குப் பக்கத்தில் வருகிறது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடியளவுதான். அதை 3 நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேச முன்வந்தார்கள். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்காகவும் காத்திருப்பது எந்த ஆசிரியராலும் முடியாது. அந்தப் பதிவுக் கருவி, அவளுக்கு வேண்டிய அளவு காத்திருந்தது. வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் நான் மனமார மதிப்பது இதைத்தான், லாத்தா: பெரிய திரையில் ஆசிரியர் எதைக் காட்டலாம் என்பதைவிட, இதுவரை கேட்காத எந்தப் பிள்ளையின் குரல் இதனால் என் காதுக்கு வரும் என்பதே நான் ஒவ்வொரு கருவியிடமும் கேட்கும் கேள்வி. எல்லாப் பதிவுகளையும் கேட்க நேரம் போதாது என்பதும் உண்மைதான். என் வழிகாட்டி ஆசிரியை வாரத்துக்குச் சில பிள்ளைகள் என்று முறைவைத்துக் கேட்கிறார். அந்த வழக்கத்தையே நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதே காரணத்தால் இங்கே எல்லாரும் விரும்பும் ஒரு வகை வினாடி வினா விளையாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. யார் முந்தி விடையைத் தட்டுகிறார்களோ அவர்களுக்கு மதிப்பெண் ஏறும். வகுப்பே ஆரவாரமாக இருக்கும். ஆனால் யோசித்துச் சொல்லும் பிள்ளை அதில் எப்போதும் பட்டியலின் அடியில்தான் இருக்கும்.

தட்டச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானே வந்துவிடுகிறது. கையால் "கொ" எழுதும்போது கொம்பை முதலில் போட்டு, ககரத்தை எழுதி, பிறகு காலை இழுக்கிறோம். விசைப்பலகையிலோ க, அதன்பின் ஒ. உடனே திரையில் "கொ". ஒரு பையன் இதையே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், கண்ணுக்குத் தெரியற மாதிரி இல்ல, காதுக்குக் கேக்கற மாதிரி தட்டணும்" என்றான். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று நாம் ஆண்டுதோறும் பலகையில் எழுதிப் போடுகிறோமே, அதை அவன் விரலால் கண்டுபிடித்துவிட்டான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி மாற்றும் முறை சுலபமானது என்று பலர் சொல்கிறார்கள். சிறுபிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். தமிழ் எழுதுவதற்கு முன் ஆங்கில எழுத்தை நினைக்கவேண்டிய நிலைக்கு ஏன் அவர்களைத் தள்ள வேண்டும்? கைப்பேசியிலும் தமிழ்99 கிடைக்கிறது. உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாருங்கள்.

போன மாதம் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கும் சென்றிருந்தேன். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள். நம் ஊர் வள்ளல் சீதக்காதி ஆதரித்த புலவரின் பெயர் இந்த நகரத்தில் ஒரு கல்வி நிலையத்தின் முகப்பில் எழுதியிருப்பதைப் பார்த்தபோது, வாப்பா பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

உங்களிடம் பெரிய திரை இல்லை என்று வருந்தினீர்கள். அரசு கொடுத்த கைக்கணினி இருக்கிறது. பாடநூலில் 2018 முதல் விரைவுத் துலங்கல் (க்யூஆர்) குறியீடுகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து நடத்தும் பழக்கம் உங்களுக்கு நன்றாகவே உண்டு. ஒரு நிலைப் பிள்ளைகளோடு நீங்கள் அமர்ந்திருக்கும்போது, இன்னொரு நிலைப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிப் பதிவுசெய்யலாம். அதற்கு இணையமும் வேண்டாம், மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. உப்புக் காற்றில் எதுவும் சீக்கிரம் பழுதாகும் என்பதால் கருவியை உறையில் போட்டு, வேலை முடிந்ததும் பீரோவில் வைத்துவிடுங்கள்.

இதையொட்டி உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அடுத்து நான் நடத்தப்போவது தொழில்களைப் பற்றிய பாடம். இங்குள்ள பிள்ளைகளுக்கு அகர் அகர் என்றால் உயிர். விருந்து என்றால் வண்ண வண்ணமாக அது இருக்கும். நாம் நோன்பு திறக்கும்போது சாப்பிடும் கடல்பாசிதான் அது. அது எதிலிருந்து வருகிறதென்று வகுப்பில் கேட்டேன், கடை என்றார்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலருடைய தாய்மார் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடலில் இறங்குபவர்கள். பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறிக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வதையும், கண்ணாடி மாட்டி மூழ்குவதையும், கரையில் உலர்த்துவதையும் அந்தப் பிள்ளைகள் தங்கள் வாயாலேயே சொல்லட்டும். எழுதிவைத்துப் படிக்க வேண்டாம். ஊர்ப் பேச்சிலேயே இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்குள் பேசினால் போதும். முடிவில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியும் கேட்கட்டும். என் வகுப்பு பதில் பேசி அனுப்பும், அவர்களும் கேள்வி கேட்பார்கள்.

பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முகம் தெரியும் படமோ பெயரோ வேண்டாம், குரல் மட்டும் போதும். இங்கே பள்ளியிலும் நான் அனுமதி கேட்டுவிட்டேன். காற்று இரைச்சல் விழாமல் இருக்க, கடற்கரையில் வைக்காமல் வகுப்பறைக்குள் பதிவுசெய்யுங்கள், வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம். நோன்பு தொடங்குமுன் முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பெருநாள் கழித்து அனுப்புங்கள், பாடத்தை அதற்கேற்ப நான் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் ஸலாம். மச்சானிடமும் பிள்ளைகளிடமும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் அன்புத் தங்கை