வாசல்படி வரைக்கும் வழி வைத்திருந்தவருக்கு

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கு, அண்ணன் அக்காக்களுக்கு,

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஃபிரட்டர்னிட்டி (கல்லூரி மாணவர்களின் சகோதரச் சங்கம்) சாப்டரின், அதாவது எங்கள் கிளையின், சாசனம் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. 14 பையன்கள் ஏட்டில் கையெழுத்துப் போட்டார்கள். சகோதரர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு மடல் போயாயிற்று. ஆனால் இந்த நான்கு வருடமும் பணம் அனுப்பியவர்கள், சோறு கட்டிக் கொடுத்தவர்கள், ராத்திரி போன் போட்டு "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டவர்கள், இவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள். உங்களுக்குத் தமிழில் எழுதாமல் எனக்கு மனசு ஆறாது.

நான்கு வருடம் முன்னால் என்ன நடந்தது, சாப்டரை ஏன் மூடினார்கள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. மூடியது சரிதான். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றி. அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் ஃபிரட்டர்னிட்டியோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. பேரைப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எங்கள் சாப்டர் வீட்டுக்கு வலப்பக்கத்துச் சாம்பல் நிறப் பலகை வீடு அவருடையது. எங்கள் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும்.

என் காலத்தில் எங்கள் மேல் அதிகம் முறை போலீஸுக்குப் போன் பண்ணியவர் அவர்தான். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டும். நாங்கள் இரவு இரண்டு மணிக்குப் பாட்டை அலற விட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் பைஜாமா மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். கத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டும், கண் சொக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். சத்தத்தைக் குறைத்தோம். அவர் வீட்டு விளக்கு அணைந்ததும் மறுபடி கூட்டினோம். கூட்டியவன் நான்.

சாப்டரை மூடிய பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. நியூயார்க் மாநிலத்தின் வடக்குப் பக்கம் பனி எப்படிக் கொட்டும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தன் வீட்டு முன்னால் இருக்கும் நடைபாதையைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். இல்லாவிட்டால் நகராட்சி ஆள் வைத்துப் பண்ணிவிட்டு, நமக்குப் பில் அனுப்பும், அபராதத்தோடு. நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தோம். முதல் வருடம் ஒரு ஆளைப் பேசி வைத்தோம், இரண்டு தடவை வந்துவிட்டு நின்றுவிட்டார். அப்புறம் யாருமே கவனிக்கவில்லை. நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை என்று சும்மா இருந்துவிட்டோம். ஏன் வரவில்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது பனிக்காலம், பிப்ரவரி. வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு பண்ணி, ஒரு முறை பார்த்துவிட்டு வரலாமென்று நியூஜெர்சியின் எடிசனிலிருந்து கிளம்பிப் போனேன். டிக்கியில் பனி அள்ளும் ஷவல் ஒன்று போட்டுக்கொண்டேன், முழங்கால் வரை பனி இருக்கும், வாசலுக்கே போக முடியாது என்று நினைத்து. போய் வண்டியை நிறுத்தினால், நடைபாதை சிமெண்ட் தெரியச் சுத்தமாக இருந்தது. உப்புத் தூவியிருந்தது. நடைபாதையிலிருந்து எங்கள் வாசல் வரை ஒரு ஷவல் அகலத்துக்கு நேர்க்கோடாய் ஒரு வழி. ஐந்து படிகளிலும் பனி இல்லை. கதவுக்கு முன்னால் மிதியடி போடும் இடம்கூடத் தள்ளிவிட்டிருந்தது.

நடைபாதைக்குத்தான் சட்டம். படிக்கட்டுக்கு இல்லை.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்தார். 76 வயது. கையில் மரப்பிடி போட்ட ஷவல். சிமெண்டில் உரசி உரசி அதன் ஒரு மூலை சாய்வாகத் தேய்ந்து போயிருந்தது. வலது கையுறையில் கட்டைவிரல் பக்கம் கிழிந்து, சாம்பல் நிற டேப் சுற்றியிருந்தது. நீங்களா பண்ணினீர்கள் என்று கேட்டேன். தபால்காரப் பெண் வழுக்கி விழுந்துவிடுவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டில் இறங்கி நடப்பார்கள் என்றார். சரி, படிக்கட்டு எதற்கு? கால்தடமே இல்லாத வீடு என்றால் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும், உள்ளே புகுந்து செப்புக் குழாயை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். அதனால் ஒவ்வொரு தடவையும் கதவு வரை போய், கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவாராம். இரண்டு வருடமாக.

அந்த வயதில் ஈரப்பனி அள்ளுவது நெஞ்சுக்கு நல்லதில்லை. ஷவலை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. நான் யாரென்று அவருக்கு நினைவிருந்ததா என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பாட்டு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு, கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் பனிக்கட்டி தொங்குகிறது, அதைத் தட்டிவிடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்றைக்கு வீட்டுத் தரகருக்குப் போன் பண்ணவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். எங்கள் கதவு மூடியதில் சந்தோஷப்பட ஊரில் ஒருவருக்கு உரிமை இருந்தது என்றால் அது அவருக்குத்தான். அவர்தான் அந்தக் கதவுக்கு வழி வைத்திருந்தார்.

இதை எழுதும்போது நாங்கள் ஏன் ஆரம்பித்தோம் என்பதும் கூடவே ஞாபகம் வருகிறது. 18 வயதில் கும்பகோணத்திலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்தவன் நான். தீபாவளி அன்று பரீட்சை. கேண்டீனில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றேன். நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒன்பது பேர் சேர்ந்தோம், அதில் நான்கு பேர் தமிழ்ப் பையன்கள். எங்களுக்கு முன்னால் 1994-இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்திலும், 1996-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் நம் ஊர்ப் பிள்ளைகள் இப்படித்தான் கூடியிருந்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்னால், 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் சேர்ந்து படிக்க ஆரம்பித்து, ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஃபிரட்டர்னிட்டியை உண்டாக்கினார்கள். ஒருத்தனும் தனியாக விடப்படக் கூடாது என்பதுதான் எல்லோருக்கும் முதல் காரணம். அதை வைத்துத் தொடங்கிய நாங்களே, அண்ணன் தம்பி என்று வாயால் சொல்லிக்கொண்டு, புதிதாய் வந்த தம்பிகளை என்ன பாடு படுத்தினோம் என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

நான் சோர்ந்து போயிருந்த நேரத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சகோதரர் போனில் ஒரு கதை சொன்னார். கிரேக்க எழுத்துகளைப் பேராக வைத்துக்கொள்ளும் அமெரிக்க மாணவர் சங்கங்களுக்கெல்லாம் மூத்தது ஃபை பீட்டா கப்பா. 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் பிறந்தது. சில வருடத்திலேயே அமெரிக்கச் சுதந்திரப் போர் பக்கத்தில் வந்து, அந்தத் தாய்க்கிளை நின்று போனது. யேலிலும் ஹார்வர்டிலும் கிளை விட்டிருந்ததால் சங்கம் பிழைத்தது. தாய்க்கிளை இடையில் ஒரு முறை எழுந்து, மறுபடி விழுந்து, 1893-இல்தான் நிலையாக நின்றது. "உனக்கு நாலு வருஷம் தானேடா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கும் நன்றி, அண்ணா.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே குழாய் உறைந்துவிடாமல் இருக்க மாதாமாதம் கேஸ் பில் கட்டிய டாலஸ் அண்ணனுக்கு. தலைமையகத்தின் நிபந்தனைகளை வரி வரியாகப் படித்து விளக்கிய வக்கீல் தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் கூட்ட அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த சொராரிட்டி (மாணவிகள் சங்கம்) தங்கைகளுக்கு. சேர நினைத்த பையன்கள் எங்களைப் பார்க்க வந்த வாரக்கடைசியில் எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் அலுமினியத் தட்டுகளில் கட்டி அனுப்பிய அம்மாக்களுக்கு. "ஃபிரட்டர்னிட்டி என்றாலே எனக்குப் பயம், ஆனாலும் நீ சொல்கிறாய்" என்று ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்த அந்த அப்பாவுக்கு. முதல் கூட்டத்துக்கு 40 நாற்காலி போட்டிருந்த அறையில் வந்து உட்கார்ந்த ஐந்து பையன்களுக்கு. அன்றைக்கு அவர்கள் எழுந்து போயிருந்தால் இந்த மடல் இல்லை.

அந்த அப்பாவின் பயம் நியாயமானது. அதனால் எழுத்தில் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சேர வரும் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்புவது, குடிக்க வைப்பது, மண்டியிட வைப்பது எதுவும் இந்த வீட்டில் இனி இல்லை. 2024 டிசம்பரில் வந்த அமெரிக்க மத்தியச் சட்டப்படி கல்லூரிகள் ராகிங் கொடுமைகளை ஊரறிய அறிக்கை போட வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் எங்களுக்கு இதுதான். உங்கள் பிள்ளை சேர்ந்தால், இந்த வீட்டில் இரண்டு பெரியவர்களின் போன் எண் உங்களிடம் இருக்கும், எந்த நேரமும் கூப்பிடலாம். கூப்பிட்டு யாரும் எடுக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வண்டியை எடுத்துக்கொண்டு போவேன்.

புது சாப்டரின் கணக்குப் புத்தகத்தில் முதல் செலவு இரண்டு ஷவல், ஒரு மூட்டை உப்பு, ஒரு ஜோடி தோல் கையுறை. கையுறையைப் பையன்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள், வாங்கிக்கொண்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் யார் என்றைக்குப் பனி அள்ளுவது என்று முறை எழுதி ஒட்டியிருக்கிறது, காலை ஆறு மணி, இரண்டு இரண்டு பேராக. வலப்பக்கத்து வீட்டு வாசல் முதலில், நம் வாசல் அப்புறம். அவர் ஐந்தரைக்கே எழுந்து வந்துவிடுவார் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் சொன்னதால், ஆறு என்பதை அடித்து ஐந்து என்று திருத்தியிருக்கிறார்கள்.