எங்கள் அம்மாவைக் கோயிலுக்குள் கொண்டுபோன கைகளுக்கு

தோட்டத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு 7 படி. சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) வலது காலை எடுத்த பிறகு, இரண்டு வருடமாக அம்மாவால் அந்தப் படிகளைத் தாண்ட முடியவில்லை. இந்தத் தைப்பூசத்தன்று சக்கர நாற்காலியில் சந்நிதிக்கு முன்னாலேயே போய் நின்றார். சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்வுப் பாதை கட்டி அதற்குக் காரணமான உங்களுக்குத்தான் இந்த மடல்.

அம்மா 31 வருடம் பிள்ளைமடுவத்து ஆயம்மா; வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னாலேயே கதவைத் திறப்பார். கொழுந்து நிறுத்துவிட்டுக் கடைசித் தாய் வந்து சேரும்வரை சாத்தமாட்டார். பேச்சு வராத ஒரு பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தபோது, "அவனையும் கொண்டாங்க" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர். சாய்வுப் பாதைக்கு மண் வெட்டத் தொடங்கிய அன்று, ஆறு மணிக்கே மண்வெட்டியோடு நின்றது அந்தத் தம்பிதான்.

அம்மா யாரிடமும் எதையும் கேட்டவரில்லை. 1948இல் எங்கள் மலையகச் சனத்திடமிருந்து பறித்த பிரஜாவுரிமை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவர் கைக்கு வந்தது. காத்திருந்தே பழகிப்போன மனுசி. கால் போன பிறகு விடியற்காலையில் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து சிவனொளிபாதமலையையே பார்த்துக்கொண்டிருப்பார். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) மே மாத வெசாக் வரை, மலையேறும் சீசன் காலத்தில், உச்சிவரை விளக்கு தெரியும். கவலையில் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் தூக்கின புள்ளைங்க பேர ஒவ்வொண்ணா சொல்லிக் கும்புடுறேன் புள்ள" என்றார். அப்புறம், "அந்த மலையில நமக்குச் சிவன் பாதம், சிங்களவங்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம் ஆளுங்களுக்குப் பாவா ஆதம் பாதம். எல்லாரும் ஒரே படியிலதான் ஏறுறாங்க" என்றார். கோயில் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நான் எதையும் கேட்கவில்லை, நீங்களாகவே எழுந்தீர்கள்.

கட்டட வேலை படிக்கும் தங்கச்சிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 15 அடியில் முடித்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, அவள் ஒருத்திதான் மறுத்தாள். பலகையை அந்தச் சரிவில் வைத்து, சக்கர நாற்காலியில் ஒரு சீமெந்து மூட்டையை ஏற்றி, தள்ளிப் பாருங்கள் என்றாள். இரண்டு பேர் தள்ளியும் ஏறவில்லை. இறக்கும்போது பிடிக்கவும் முடியவில்லை. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், 7 படியின் மூன்றரை அடிக்கு 42 அடி என்றாள். முற்றத்தில் அவ்வளவு இடம் ஏது? 21 அடி போய், ஒரு சமதளத்தில் திரும்பி, மறுபடி 21 அடி. தண்ணீர்க் குழாயைப் பிடித்து மட்டம் பார்த்தபோது அவள் விரலெல்லாம் குளிரில் விறைத்துப்போயிருந்தது.

சீமெந்தைக் கடனாகத் தந்துவிட்டு, இன்றுவரை கடன் கொப்பியைத் திறக்காத ஹார்ட்வேர் கடை நானாவுக்கு நன்றி. லொறி ஏறாத இடத்துக்கு மணலை உரப்பையில் சுமந்த சர்ச் இளைஞர்களுக்கு நன்றி. அடுத்த கிராமத்து மேசன் பாஸ் (கொத்தனார்), செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கோயில் முற்றத்தில் கால் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்தை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். தீபத்தட்டை அம்மாவின் கைக்கு எட்டும்படி குனிந்து பிடித்த பூசாரி ஐயாவை எப்படி மறப்பேன்? அன்று அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

திருப்பத்தில் கைப்பிடிக் கம்பி மட்டும் இன்னும் போடவில்லை. வருகிற ஞாயிறு போடுகிறோம். அன்று மதியம் எல்லோரும் லயத்தின் கடைசியில் இருக்கும் எங்கள் தொங்கல் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

விடியற்காலையில் அவர் சொல்லும் பேர்கள் இப்போது கூடிவிட்டன. பாஸின் பேரும் நானாவின் பேரும் அதில் கேட்கின்றன.

நன்றியுடன்,
ஆயம்மாவின் மூத்த மகள்