பின் அடித்த பக்கங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் வகுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் அறிவியல் புத்தகத்தில், வளரிளம் பருவம் பற்றிய பாடம் முழுவதும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடப்பட்டிருக்கிறது. மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று. வகுப்பில் எல்லோரையும் அப்படிச் செய்யச் சொன்னவர் பாட ஆசிரியை. "பரீட்சைக்கு வராது, வயசு வந்தா தானா தெரிஞ்சுக்குவீங்க" என்றாராம். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த பிரிவில், இன்னொரு ஆசிரியை அதே பாடத்தை நிதானமாக நடத்தியிருக்கிறார். வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் பிள்ளைகள் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போட ஒரு பெட்டியும் வைத்திருக்கிறார்.

ஒரே பள்ளி, ஒரே புத்தகம். யார் எந்தப் பிரிவில் விழுந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

என் மகளுக்கு மாதவிடாய் தொடங்கி ஓராண்டு ஆகிறது. ஒரு மாதம் சீக்கிரம் வரும், அடுத்தது தள்ளிப்போகும். அதே ஆசிரியையிடம் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாள். "இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை வரணும், இல்லைன்னா ஏதோ கோளாறு" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதிகளை எழுதி, அடித்து, திரும்ப எழுதி, யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் ராத்திரி என்னிடம், "அம்மா, எனக்குக் குழந்தையே பிறக்காதா?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் 21 நாள் முதல் 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்பு. தொடக்கத்தில் சீராக இருக்காது என்ற வரி, பின் அடித்த அந்தப் பக்கங்களிலேயே இருக்கிறது.

அந்த ஆசிரியையின் மேல் புகார் சொல்ல இதை எழுதவில்லை. அவர் படித்த காலத்தில் அவருடைய ஆசிரியரும் இந்தப் பாடத்தைத் தாண்டித்தான் போயிருப்பார். கல்வியியல் படிப்பிலும் இதை எப்படிப் பேசுவது என்று யாரும் பழக்கியிருக்க மாட்டார்கள். பயிற்சி இல்லாதவர் தன் வீட்டில் கேட்டதையும், தன் கூச்சத்தையும், தன் நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போவார். உயிரியல் படித்தவர் உறுப்புகளின் பெயரோடு முடித்துக்கொள்கிறார். உடற்கல்வி ஆசிரியர் அதை ஒழுக்க போதனையாக்கிவிடுகிறார். மணமாகாத ஆசிரியைக்கோ, சொல்லிக் கொடுத்தால் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற பயம்.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: இந்தப் பாடத்தை நடத்துகிறவருக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். தன் மனத்தடைகளைத் தானே பேசிப் பார்க்க இடம் தரும் பயிற்சி. பாடத்தைத் தாண்டிப் போகும் உரிமை யாருக்கும் இல்லை என்பதையும் எழுத்தில் கொடுங்கள். பின்னங்களில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று ஒரு கணித ஆசிரியர் அந்தப் பாடத்தை மூடி வைத்தால் சும்மா இருப்பீர்களா?

யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய பாலியல் கல்வி வழிகாட்டி, 5 வயதிலிருந்தே வயதுக்கேற்பத் தொடங்கச் சொல்கிறது. ஆசிரியர் பயிற்சியையும் வலியுறுத்துகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கு உலகச் சுகாதார நிறுவனம் முதன்மையாகச் சொல்வது 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளை. இங்கே அதே வயதுக் குழந்தைகள் கையில் ஸ்டேப்ளரைக் கொடுத்திருக்கிறோம். சுகாதார தினத்துக்கு மட்டும் ஓவியப் போட்டி, உறுதிமொழி, குழு போட்டோ எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது. எடை பார்க்கிறேன் என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கிலோவைச் சத்தமாகப் படிக்கிறவர்களைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன், இந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் பயிற்சி நடக்குமா, நடக்காதா என்பதை மட்டுமாவது பெற்றோர்களுக்கு அறிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்