வாரத்தில் ஒரு பின்னேரம் தாருங்கள்

வன்னியின் பாடசாலை அதிபர்களுக்கும், உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமமொன்றின் வாசிகசாலையில், சனிக்கிழமை பின்னேரங்களில் ஆறு பிள்ளைகளோடு ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறேன். எல்லாரும் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள். அங்கே நாங்கள் ஒரு கதையை விளையாடுகிறோம். அதை உங்கள் பாடசாலைகளுக்குள்ளும் எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஓடக்காரன், வைத்தியர், யானைப்பாகன், தேன் எடுக்கிறவள். "குளக்கட்டு வெடித்திருக்கிறது. விடிவதற்குள் ஊரை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பேன். அவர்கள் தங்களுக்குள் கதைத்து முடிவெடுப்பார்கள். எடுத்த முயற்சி பலித்ததா என்பதை ஓர் எண் சொல்லும். இதற்கென்றே இருபது பக்கத் தாயக்கட்டை உண்டு. எங்களிடம் அது இல்லை. 1 முதல் 20 வரை எழுதிய கடதாசித் துண்டுகளைப் பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம். அப்புறம் ஒரு கொப்பி, ஒரு பென்சில். செலவு அவ்வளவுதான்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகை விளையாட்டுக்கு முன்னோடி. 1980களில் இது பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அங்கேயே பலர் பயந்தார்கள். இன்று அதே நாட்டில், நாலு பேர் முன் கதைக்கக் கூசுகிற இளையோரோடும் ஆட்டிச நிலையுள்ள பிள்ளைகளோடும் உளவளத்துணையாளர்கள் இதைச் சிறு குழுக்களாக விளையாடுகிறார்கள். ஆய்வுகள் இன்னும் சிறிய அளவில்தான் இருக்கின்றன. இதை மருந்து என்று நான் சொல்லவில்லை. வைத்தியசாலைக்குப் போக வேண்டிய பிள்ளை அங்கேதான் போக வேண்டும்.

நமக்கும் இது அந்நியமில்லை. கோவலன் கூத்து ஆடிய மண் முல்லைத்தீவு. வேடம் கட்டியதும் குரல் மாறிப்போகிற அப்பாவிகளை நாம் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்! கூத்தைப் பழக்கி நடத்துகிறவரைப் போல, என் பிள்ளைகள் என்னை 'அண்ணாவியார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூத்தில் பாட்டு முன்பே கட்டியிருக்கும். இங்கே அடுத்த வரி அண்ணாவியாருக்கே தெரியாது.

ஓடக்காரனாக வந்த பெடியன் முதல் எட்டுக் கிழமையும் தலையை ஆட்டுவதோடு சரி. மேசை விளிம்பில் பெயின்ற் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பான். ஒன்பதாம் கிழமை, அக்கரையில் தனித்துப்போன கிழவி ஒருத்தியை விட்டுவிட்டுப் போவோம் என்று மற்றவர்கள் முடிவெடுத்தபோது சுரண்டல் நின்றது. "நான் திரும்பிப் போறன்" என்றான். பேணிக்குள் கைவிட்டான். 3 வந்தது. ஓடம் கவிழ்ந்தது. சோதனைத் தாளை வாங்கியவன் போல என்னைப் பார்த்தான். "சரி, தண்ணிக்குள்ள நிக்கிறாய். இப்ப என்ன செய்வாய்?" என்று கேட்டேன். அவன் யோசிக்க முன்னமே எதிரில் இருந்த பிள்ளை, "நான் கயிறு எறியிறன், பிடி" என்றாள். அவன் மேசைக்கு மேலால் கையை நீட்டினான், உண்மையாகவே கயிறு வருகிற மாதிரி.

இன்று உங்கள் வகுப்புகளில் இருக்கிற பிள்ளைகள் பலர் 2009இல் பிறந்திருக்கவே இல்லை. ஆனால் அவர்களை வளர்ப்பவர்கள் முள்ளிவாய்க்காலின் இறுதிப் போரையும் அதன்பின் மெனிக் பாம் அகதி முகாமையும் கடந்து வந்தவர்கள். பல வீடுகளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்கக்கூடாது என்று பிள்ளைக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. அந்தப் பிள்ளையிடம் செயலமர்வு வைத்து "மனதில் உள்ளதைச் சொல்லு" என்றால் எதைச் சொல்லும்? ஓடக்காரனின் பயத்தைச் சொல்லச் சொன்னால் சொல்லும்.

இங்கேதான் கவனம் வேண்டும். மேசை நடுவில் ஓர் அட்டை வைத்திருக்கிறோம். கதை பிடிக்காத இடத்துக்குப் போனால் யாரும் அதைத் தொடலாம். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். இதுவும் இந்த விளையாட்டுக்காரர்களிடமிருந்து கற்றதுதான். ஒருநாள் நான் யோசிக்காமல், "கடலுக்குப் போன மீனவர் ஒருவரைக் காணவில்லை" என்று கதையைத் தொடங்கினேன். ஒரு பிள்ளையின் விரல் மெல்ல அட்டைக்குப் போனது. 2017 முதல் தெருவோரக் கொட்டகைகளில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் இருக்கிற மண்ணில் நான் அந்தச் சொல்லை எடுத்திருக்கவே கூடாது. மீனவர் வலையோடு கரைக்கு வந்துவிட்டார் என்று மாற்றினேன். அவள் விரலை எடுத்தாள். இன்றுவரை அவளிடம் எதுவும் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

நான் கேட்பது கிழமைக்கு ஒரு பின்னேரம், ஒரு வெறும் வகுப்பறை, மேசைக்கு ஆறு பேருக்கு மேல் இல்லாமல். பிள்ளைகளின் பேச்சைத் திருத்தாமல் கேட்கக்கூடிய ஓர் ஆசிரியர். தயவுசெய்து புள்ளி போடாதீர்கள். தமிழ்த்தினப் போட்டிபோல ஒன்றாக்கி மேடைக்கும் ஏற்றாதீர்கள். பரிசு என்று வந்தால், வாய் திறக்காத பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும். "ஓ.எல் சோதனை வருகுது, இப்ப விளையாட்டா?" என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்களையும் ஒருநாள் கூட்டிவந்து பக்கத்தில் இருத்துங்கள்.

தொடங்க விரும்பும் பாடசாலைக்கு முதல் நான்கு கிழமையும் நானே வருகிறேன். ஓடக்காரப் பெடியனும் வரச் சம்மதித்திருக்கிறான். பேணியை அவன் கொண்டுவருவான்.

அன்புடன்,
வாசிகசாலை அண்ணாவியார்