புரையோடிய எலும்பில் குடியிருக்கும் கிருமி

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த ஆண்டு ஏற்காட்டில் மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது என்பதும், வீட்டில் அனைவரும் நலம் என்பதும் மகிழ்ச்சி தந்தன. இங்கே மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு கலகலப்பாக இருக்கிறது. உன் கடிதத்தின் பெரும்பகுதி அக்கா மகனின் காலைப் பற்றியதாக இருந்ததால், நானும் அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

மலைப்பாதையில் வண்டியோடு விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே உலோக ராடு வைத்த பிறகும், எலும்பிலிருந்து தோல்வரை சீழ் வழியும் துளையான புரை மூடாமல் வடிகிறது என்றும், சீழைத் துடைத்தெடுத்துக் கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்டறியும் சோதனை) பார்க்கும்போதெல்லாம் புதிய கிருமியின் பெயரும் புதிய மாத்திரையும் வருகின்றன என்றும் எழுதியிருந்தாய். ஆய்வகத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த ரிப்போர்ட்டுகள் பொய்யல்ல, ஆனால் சீழ் எடுத்த இடம் சரியில்லை. புரையின் வாய் வெளியுலகுக்குத் திறந்தே கிடப்பதால், தோலில் வாழும் கிருமிகளும், ஈரத்தில் வளரும் சூடோமோனாஸ் போன்றவையும் அங்கே தாமாகவே வந்து குடியேறிவிடுகின்றன. எலும்பைத் தின்றுகொண்டிருக்கும் கிருமி அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம், முற்றிலும் வேறாகவும் இருக்கலாம். 1978-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வில், புரைவாயில் எடுத்த கல்ச்சர்களில் 44 சதவீதத்தில் மட்டுமே, அறுவை சிகிச்சையின்போது எலும்பில் கிடைத்த கிருமி காணப்பட்டது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வந்தால் மட்டும் ஓரளவு நம்பலாம். எலும்புச் சீழுக்கு உலகெங்கும் முதற்காரணம் அதுதான். 1880-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், தோலில் வரும் சீழ்க்கட்டியிலும் எலும்பு மஜ்ஜையின் சீழிலும் ஒரே கிருமியைக் கண்டு, இது மஜ்ஜையில் வந்த சீழ்க்கட்டி என்றே சொன்னார்.

ஆகவே எலும்பிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். அதிலும் சிக்கல் உண்டு. நாட்பட்ட நோயில் எலும்பின் ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றிச் செத்துவிடுகிறது. அதன்மீதும் ராடின்மீதும் கிருமிகள் பிசின் போன்ற படலத்தைச் சுரந்துகொண்டு அதற்குள் மெதுவாக வாழ்கின்றன. சில கிருமிகள் எலும்பின் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். இந்த நிலையில் கொடுக்கப்படும் மாத்திரைகள் அவற்றை முற்றாகக் கொல்வதில்லை, ஆனால் ஆய்வகத் தட்டில் வளரவிடாமல் செய்துவிடுகின்றன. 'வளர்ச்சி இல்லை' என்ற முடிவைப் பார்த்து நிம்மதி அடைவது எனக்கு எப்போதும் அச்சம் தரும் செயல். காய்ச்சலோ வேறு ஆபத்தோ இல்லையென்றால், மாதிரி எடுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் முன்பே மருந்தை நிறுத்தச் சொல்வது வழக்கம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பையன் தானாக நிறுத்தக் கூடாது.

அறுவையின்போது வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு துண்டுகள், ஒவ்வொன்றும் தனிக் கருவியால், தனிக் குப்பியில் எடுக்கப்பட வேண்டும். ஒரே ஒரு துண்டில் தோல் கிருமி வளர்ந்தால் அது வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம். பல துண்டுகளில் அதே கிருமி வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் பல மாதிரிகள் வீணாவதைப் பார்த்திருக்கிறேன்: கல்ச்சருக்கான துண்டை, திசுவைக் கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். திசு ஆய்வுக்குப் போகும் துண்டு ஃபார்மலினில், கல்ச்சருக்குப் போவது கிருமி நீக்கிய குப்பியில் என்று முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும். நம் நாட்டில் காசநோயை மறக்கவே கூடாது. எலும்பிலும் அது வரும், சாதாரணக் கல்ச்சரில் வளராது, தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். ராடை எடுத்தால் அதையும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல். சில கிருமிகள் வளர இரண்டு வாரம் ஆகும் என்பதால், இரண்டே நாளில் தட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும்படியும் கேட்க வேண்டும்.

அவனுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா? இருந்தால், மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றில் வேலை செய்பவன் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மண்ணிலும் நீரிலும் வாழும், மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோயைத் தரும் கிருமி அத்தகையவர்களின் எலும்பையும் தாக்கும். பழகாத கண்ணுக்கு அது சூடோமோனாஸ் போலவே தோன்றிவிடும்.

இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் சீட்டுகள், பழைய ரிப்போர்ட்டுகள், எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அவனைச் சேலத்துக்கு அழைத்து வா. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு நானும் உடன் வருகிறேன். புறநோயாளிப் பிரிவு காலையில்தான் என்பதால், முந்தைய நாள் மாலையே இறங்கி நம் வீட்டில் தங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்