கோடை முகாம் முடிந்ததும் பந்தைப் பூட்டி வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாலிபத்தில் வியாசர்பாடிப் பக்கம் கால்பந்தில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, கடந்த மே மாதம் 15 நாள் கால்பந்து முகாமுக்குப் போனாள். டி-ஷர்ட், சான்றிதழ் எல்லாம் கொடுத்தார்கள். ஆனால் இடது பக்கம் பந்து வந்தால் சுற்றிப் போய் வலது காலில்தான் எடுத்தாள். அதற்குள் எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஜூனில் வீட்டுப் பின்சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டேன். ஐந்து எட்டு வைத்துத் தள்ளி நின்று, இடது காலின் உட்பக்கத்தால் தினமும் 100 தட்டு. நேராகத் திரும்பி வருவதை மட்டும் நோட்டில் எழுதுவோம். முதல் நாள் 34. மூன்று வாரமாகியும் எண்ணிக்கை ஏறவில்லை. ஒருநாள் 29-க்கு இறங்கியது. நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுதாள். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதன் விரல்கள் சுவரைப் பார்க்க வேண்டும், தட்டும் காலின் கணுக்கால் தளரக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். காதுக்கு அன்றே புரிந்துவிட்டது. காலுக்குப் புரிய ஆடி மாதம் ஆனது. தீபாவளிக்கு 81!

நான் தொழிற்சாலையில் தொழில் பழகுபவனாகச் சேர்ந்தபோது வாரக்கணக்கில் ஒரே இரும்புத் துண்டை அரத்தால் ராவச் சொன்னார்கள். நேராக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும், மறுபடி ராவு. கை அப்படித்தான் படிந்தது. காலும் அப்படித்தான் படியும்.

2023 டூரண்ட் கோப்பை கால்பந்துப் போட்டியில் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு எதிராக அதே ஊர் ஈஸ்ட் பெங்கால் அணி அடித்த ஒரே கோல், நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அடித்தது. வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடது காலால் வளைத்தார். அதைப் பேத்தியும் நானும் செல்போனில் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. அந்தக் கால் 15 நாளில் வந்திருக்காது.

இப்போது சுவர்ச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அவள் பள்ளி மைதானத்தை மாலை நாலரைக்கே பூட்டிவிடுகிறார்கள். பி.டி. பீரியடையும் பாதி நாள் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டால் என்ன வந்துவிடும்?

பள்ளிகளை நான் கேட்பது பெரிய செலவில்லை. மைதானம் ஆறு மணி வரை திறந்திருக்கட்டும். பி.டி. ஆசிரியர் ஒருவர் கூட இருக்கட்டும். கட்டம் போட ஒரு சுவர், 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 4-ஆம் எண் பந்து நாலைந்து போதும். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்தைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போதே இதைத் தொடங்கினால் என் பேத்தியோடு இன்னும் பத்துப் பிள்ளைகளாவது வருவார்கள். சாக்பீஸ் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பெரம்பூர், சென்னை.